சேடகன் காத்த அடைக்கலம்: வைசாலி – மகதப் போர் உணர்த்தும் அரசியல் அறம்

பாவாபுரியில் பகவான் வர்த்தமான மகாவீரர் வீடுபேறு எய்திய இரவில் விளக்கேற்றியோர் யாவர் என்பதைக் கல்ப சூத்திரம் குறித்து வைத்துள்ளது. மல்லர் குலத்தார் ஒன்பதின்மர், இலிச்சவியர் குலத்தார் ஒன்பதின்மர், ஆகக் காசி, கோசல நாடுகளைச் சார்ந்த பதினெட்டுக் கணத்தலைவர்கள் அன்று உண்ணா நோன்பிருந்தனர். ஞானப் பேரொளி உலகை விட்டு நீங்கிவிட்டமையால் புற ஒளியையேனும் ஏற்றி வைப்போம் எனக் கருதி அவர்கள் தீபங்களை வரிசையாக வைத்தனர். தீபாவளித் திருநாளைச் சமணப் பெருமக்கள் நிர்வாணத் திருநாளாகப் போற்றுவதற்கு அவ்விரவே மூலமாகும்.

அப்பதினெண்மரையும் விளக்கேந்திய கையினராகவே நினைவுகூர்வது மரபு. ஆயினும் நிரயாவலியா சூத்திரத்திலும் பகவதி சூத்திரத்திலும் அதே ஒன்பது மல்லரும் ஒன்பது இலிச்சவியரும் வேறொரு கோலத்தில் காட்சி தருகின்றனர். அங்கே அவர்கள் வைசாலி மன்றத்தில் அமர்ந்து, போரா, பணிவா என்னும் வினாவுக்கு விடை சொல்கின்றனர். பின்னர்ப் போர்க்களத்தில் நின்று தோல்வியும் அடைகின்றனர். வலிமை மிக்க நாடொன்று தன் அண்டை நாட்டிடம் முறையற்றதைக் கேட்கும்போது அவ்வண்டை நாடு செய்யத்தக்கது யாது? அறத்தை விடாது நின்றால் அழிவு வரும் என்று தெரிந்தும் நிற்றல் தகுமா? அரசுகளுக்கிடையே அறம் என்பது உண்மையில் உண்டா, அன்றி வலியோன் சொல்லே அறமா? ஈராயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக உலகம் கேட்டுவரும் இவ்வினாக்கள் அனைத்தும் அந்தப் போரில் அடங்கியுள்ளன.

இரு நாடுகளும் இரு ஆட்சிமுறைகளும்

கங்கையின் தென்கரையில் மகதம். வடகரையில் வச்சி நாடு. மகதம் முடியாட்சி. இராஜகிருகத்தில் வீற்றிருந்த சிரேணிக மகாராஜன், பௌத்த நூல்களில் பிம்பிசாரன் எனப்படுபவன், அங்க நாட்டைத் தன் ஆட்சியில் சேர்த்துக்கொண்டான். அதனால் சம்பாபுரியும் அதன் ஆற்று வாணிகமும் மகதத்தின் வசமாயின. படை, கருவூலம், யானை, கங்கைத் துறைகள் ஆகிய அனைத்தும் ஒருவன் கையில் குவிந்த நாடு அது.

வடகரையின் நிலை வேறு. வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வச்சி நாடு பல குலங்கள் கூடி ஆண்ட கணராச்சியமாகும். அந்நகரில் அரசர் என்னும் பெயர் பூண்டோர் 7,707 பேர் இருந்தனர் எனப் பௌத்த ஜாதகக் கதை கூறும். அவர்கள் மன்றம் கூடி ஆராய்ந்தே முடிவு செய்தனர். மகாவீரர் தோன்றிய ஞாத்திர குலமும் அக்கூட்டமைப்பைச் சார்ந்ததே. குண்டகிராமம் வைசாலியின் அயலிலிருந்தமையால் பகவானுக்கு வைசாலிகர் என்னும் பெயரும் வழங்கிற்று. அந்நகரின் எச்சங்கள் இன்றைய பீகார் மாநிலத்தின் வைசாலி மாவட்டத்தில் காணப்படுகின்றன.

அக்கூட்டமைப்பின் தலைவனாக விளங்கியவன் சேடக மன்னன். சுவேதாம்பர மரபு அவனைத் திரிசலா தேவியின் உடன்பிறந்தான் என்றும், திகம்பர மரபு அவனைப் பிரியகாரிணி என்னும் அத்தேவியின் தந்தை என்றும் கூறும். எவ்வாறாயினும் அவன் பகவானின் தாய்வழி உறவினன். சிராவக விரதங்களை ஏற்று ஒழுகியவன். அவன் மகள் சேலினி, சேல்லணா எனவும் அழைக்கப்படுபவள், சிரேணிகனின் பட்டத்தரசியானாள். அவள் வயிற்றில் பிறந்தவன் கூணிகன். வரலாற்று நூல்கள் அவனை அஜாதசத்ரு என்னும் பெயரால் அறியும். எனவே பின்னாளில் மூண்ட போர், தாய்வழிப் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே நிகழ்ந்த போராகும். மணவுறவு நாடுகளைப் பிணைக்கும் என்று நம்பிய அக்கால அரசியல், அப்பிணைப்பின் எல்லையை இங்கே கண்டது.

யானையும் மாலையும்

கூணிகன் அரியணை ஏறிய விதமே அவன் அரசியலுக்கு முன்னுரையாயிற்று. தந்தையைச் சிறையிலிட்டு அவன் முடிசூடினான். குழந்தைப் பருவத்தில் தன் விரலில் புண் பழுத்து வருந்தியபோது, அச்சீழைத் தந்தை தம் வாயாலேயே உறிஞ்சி நோவைத் தணித்தார் என்பதை அன்னை வாயிலாகப் பின்னர் அறிந்து அவன் மனம் உடைந்தான். விலங்கைத் தன் கையாலேயே தகர்ப்பதற்குக் கோடரி எடுத்துக்கொண்டு சிறைக்கு ஓடினான். மகன் கொல்ல வருகிறான் என்று கருதிய சிரேணிகன், தந்தைக் கொலை என்னும் பழி மகனைச் சேராதிருக்கத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். துயரம் தாளாத கூணிகன் இராஜகிருகத்தை விட்டுச் சம்பாபுரியைத் தலைநகராக்கிக்கொண்டான் என்று நிரயாவலியா சூத்திரம் உரைக்கிறது.

சிரேணிகன் உயிரோடிருந்த காலத்தில் தன் மற்றொரு மகனான விஹல்லனுக்குச் சேசனகம் என்னும் பட்டத்து யானையையும் பதினெட்டு வடமுடைய மாலை ஒன்றையும் அளித்திருந்தான். விஹல்லனோடு ஹல்லன் என்னும் தம்பியையும் வேறு சில நூல்கள் சேர்த்துக் கூறும். விஹல்லன் தன் குடும்பத்தாருடன் கங்கையில் நீராடுகையில் அந்த யானை பெண்டிரைத் துதிக்கையால் தூக்கி விளையாட்டுக் காட்டும். அதைக் கண்ட சம்பாபுரி மக்கள், அரசின் பயனை உண்மையில் துய்ப்பவன் விஹல்லனே, கூணிகன் அல்லன் என்று பேசிக்கொண்டனர். அப்பேச்சு அரசி பத்மாவதியின் செவிக்கு எட்டியது. யானையையும் மாலையையும் கேட்டுப் பெறுமாறு அவள் கணவனை இடைவிடாது வற்புறுத்தினாள்.

அரசில் பாதி தந்தால் அவற்றைத் தருவதாக விஹல்லன் மறுமொழி கூறினான். கூணிகன் அதற்கு இசையவில்லை. ஓரிரவில் விஹல்லன் யானையோடும் மாலையோடும் குடும்பத்தோடும் கங்கையைக் கடந்து பாட்டன் சேடகனிடம் அடைக்கலம் புகுந்தான்.

பௌத்த உரைநூல் காட்டும் காரணம் வேறு. கங்கைத் துறை ஒன்றின் அருகே மலையடிவாரத்தில் விலையுயர்ந்த பொருள் கிடைத்து வந்தது. அதை இரு நாட்டாரும் பாதி பாதியாகப் பகிர்ந்துகொள்வது என்பது ஏற்பாடு. இலிச்சவியர் முந்திச் சென்று முழுவதையும் எடுத்துக்கொண்டனர் என்பது அவ்வுரையின் கூற்று. இதனை ஒதுக்கிவிட இயலாது. கங்கை வாணிகத்தின் மேலாண்மையே இப்போரின் உள்ளீடு என்று வரலாற்றறிஞர் பலர் கருதுகின்றனர். யானையும் மாலையும் கண்ணுக்குத் தெரிந்த காரணம். ஆறும் துறையும் சுங்கமும் அடியில் ஓடிய காரணம். இலிச்சவியர் தரப்பிலும் குற்றமே இல்லை என்று சொல்வதற்கில்லை. நாடுகளின் பூசல்களில் ஒரு தரப்பு முற்றிலும் தூயதாக இருப்பது அரிது. ஆயினும் தூய்மை குறைந்த தரப்புக்கும் சரியான ஒரு நிலைப்பாட்டை எடுக்கும் தருணம் வரும். சேடகனுக்கு அது வந்தது.

மூன்று தூதுகள்

கூணிகன் முதலில் பணிவோடுதான் தூது விடுத்தான். யானை, மாலை, விஹல்லன் ஆகிய மூன்றையும் திருப்பி அனுப்புமாறு அத்தூதன் வேண்டினான். சேடகனின் விடை அளந்து சொல்லப்பட்டது. கூணிகன் எவ்வாறு தன் பேரனோ அவ்வாறே விஹல்லனும் தன் பேரன். அப்பொருள்களைச் சிரேணிகனே தன் வாழ்நாளில் கொடுத்தான். கூணிகன் அரசில் பாதியைத் தருவானாயின், இவற்றைத் திருப்பி அனுப்பத் தடையில்லை.

இரண்டாம் தூது உரிமை வாதத்தை முன்வைத்தது. நாட்டில் தோன்றும் அரும்பொருள் யாவும் அரசனுக்கே உரியன. சேசனகமும் மாலையும் மகதத்தின் அரும்பொருள்கள். எனவே அவை கூணிகனுடையன என்பது அவ்வாதம். மேற்போக்காக நோக்கின் அது சட்டத்தின் மொழி. ஆனால் முந்தைய அரசன் முறைப்படி அளித்த கொடையைப் பிந்தைய அரசன் தன் வலிமையால் மாற்றலாம் என்பதே அதன் உட்பொருள். சேடகன் தன் முதல் விடையையே திரும்பக் கூறினான்.

மூன்றாம் தூதன் சேடகனின் பாதபீடத்தை இடக்காலால் உதைத்து, வேல்முனையில் கோத்த ஓலையை நீட்டினான். பொருள்களையும் விஹல்லனையும் ஒப்படைக்க வேண்டும், அன்றேல் போர். வேண்டுகோள், உரிமை, மிரட்டல் என்ற இவ்வரிசை ஆய்ந்து நோக்கத்தக்கது. இரண்டாம் தூது பேசிய உரிமை, மூன்றாம் தூது வந்தபோது தன் முகத்திரையைக் கழற்றிவிட்டது. சேடகன் அத்தூதனைப் புறக்கடை வழியே வெளியேற்றினான். ஆனால் கொல்லவில்லை. தூதனுக்குரிய காப்பு என்னும் நெறி, அவமதிப்பின் நடுவிலும் பிழையாது நின்றது.

அதன்பின் சேடகன் செய்த செயலே முதன்மையானது. அவன் தனித்து முடிவெடுக்கவில்லை. ஒன்பது மல்லரையும் ஒன்பது இலிச்சவியரையும் அழைத்து, நடந்தவை அனைத்தையும் கூறி, திருப்பி அளிப்பதா, போரிடுவதா என்று அவர்களிடமே கேட்டான். அடைக்கலம் புகுந்தவனை ஒப்படைப்பது தகாது, முறையன்று, அரசர்க்கு ஒவ்வாது என்று அவர்கள் ஒருமித்து விடை தந்தனர். போர் முடிவாயிற்று.

ஒரு யானைக்காகவும் மாலைக்காகவும் ஒரு நாட்டையே பணயம் வைத்தது அறிவுடைமையா என்ற வினா எழக்கூடும். மன்றம் தன் விடையில் அழுத்தியது பொருளை அன்று, அடைக்கலத்தையே. யானையை மட்டும் கேட்டிருந்தால் பேச்சு வேறாக இருந்திருக்கலாம். புகலடைந்த மனிதனையும் சேர்த்துக் கேட்டதே பூசலின் தன்மையை மாற்றிற்று. வலியோன் கேட்டான் என்பதற்காக அடைக்கலம் புகுந்தோரை ஒப்படைக்கும் நாடு, தன் எல்லைக்குள்ளும் தன் சொல் செல்லாது என்று ஒப்புக்கொள்கிறது. இதனை அம்மன்றம் உணர்ந்திருந்தது.

வருணன் ஏற்ற விரதம்

ஆகமம் தரும் படையெண்கள் மிகப் பெரியவை. கூணிகனுக்கும் அவன் பத்து மாற்றாந்தாய்ச் சகோதரர்களுக்கும் ஆளுக்கு மூவாயிரம் யானை, மூவாயிரம் குதிரை, மூவாயிரம் தேர், மூன்று கோடி காலாள் என்பது கணக்கு. சேடகனோடு சேர்த்துப் பத்தொன்பது தலைவர்களுக்கும் அதே அளவு. இவற்றை எண்ணிக்கையாகக் கொள்ளாமல், அப்போர் மக்கள் நினைவில் பெற்ற பேரளவின் அடையாளமாகக் கொள்வதே தகும். எண்ணிக்கையில் வைசாலித் தரப்பே மிகுதி என்பது இதில் கவனிக்கத்தக்கது. நாளொன்றுக்கு ஓர் அம்புக்கு மேல் எய்வதில்லை என்னும் விரதம் பூண்டிருந்த சேடகன், பத்து நாளில் கூணிகனின் பத்துச் சகோதரரையும் வீழ்த்தினான் என்று மரபு கூறும்.

தோல்வியின் விளிம்பில் நின்ற கூணிகனுக்கு இரு புதிய போர்க்கருவிகள் கிட்டின. ஒன்று மகாசிலாகண்டகம்: எறியப்பட்டது துரும்பாயினும் பெரும்பாறை விழுந்தாற்போல் தாக்கும். மற்றொன்று இரதமுசலம்: குதிரையும் பாகனும் இன்றி, உலக்கை பூட்டிய தேர் தானே சுழன்றோடிப் படையை நசுக்கும். முன்னது கல்லெறி பொறி என்றும் பின்னது தண்டம் பொருத்திய தேர் என்றும் ஆய்வாளர் சிலர் விளக்குவர். முதற்போரில் 84 இலட்சம் பேரும் இரண்டாவதில் 96 இலட்சம் பேரும் மடிந்தனர் என்று பகவதி சூத்திரம் கூறுகிறது. மல்லரும் இலிச்சவியரும் தோற்றனர்.

சக்கரேந்திரனும் சமரேந்திரனும் கூணிகனுக்குத் துணை நின்றதன் காரணத்தைக் கௌதம கணதரர் வினவுகிறார். முற்பிறவியில் ஏற்பட்ட தோழமையே காரணம் என்று பகவான் விடையளிக்கிறார். கூணிகன் பக்கம் நியாயம் இருந்தது என்று அவர் கூறவில்லை. வெற்றி பெற்றவன் பக்கமே தெய்வம் நின்றது, ஆகவே அவன் செயலே அறம் என்னும் வாதத்துக்கு அவ்விடையில் இடமே இல்லை. வலிமையின் துணைகள் எவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து வந்தாலும் அவை வலிமையே. அறத்தின் சான்று ஆகமாட்டா.

அடுத்து வருவது வருணனின் வரலாறு. நாகன் என்பவனின் பேரனான வருணன் வைசாலியில் வாழ்ந்த சிராவகன். இடைவிடாது இருநாள் நோன்புகளை மேற்கொண்டு வந்தவன். மன்னனும் கணமும் படையும் ஆணையிட்டமையால் இரதமுசலப் போருக்கு அவன் செல்ல நேர்ந்தது. புறப்படுமுன் இருநாள் நோன்பை மூன்று நாளாக நீட்டித்தான். முதலில் தன்னைத் தாக்கியவனை மட்டுமே தாக்குவேன், பிறரைத் தாக்கேன் என்று ஒரு விரதமும் ஏற்றான். களத்தில் அவனையொத்த வயதும் தோற்றமும் கொண்ட வீரன் ஒருவன் எதிர்ப்பட்டு, எய்யுமாறு அறைகூவினான். தாக்கப்படாமல் தாக்குவது தன் விரதமன்று என்றான் வருணன். எதிரி எய்த அம்பு அவன் உடலில் ஆழப் பாய்ந்தது. அதன் பின்னரே வருணன் எய்தான், எதிரி வீழ்ந்தான். தான் பிழைக்கமாட்டோம் என்றுணர்ந்த வருணன் தேரைத் திருப்பித் தனியிடம் சென்றான். குதிரைகளை அவிழ்த்து விட்டான். புல்லைப் பரப்பிக் கிழக்கு நோக்கி அமர்ந்து, அருக தேவரையும் பகவானையும் வணங்கி, எல்லா உயிர்க்கொலையையும் முற்றத் துறந்து, அம்பைப் பிடுங்கி, அமைதியோடு உயிர் நீத்தான்.

அவனிருந்த இடத்தில் மலர்மழை பெய்தது என்றும், அதைக் கண்ட மக்கள், போரில் இறப்போர் யாவரும் வானுலகம் புகுவர் என்று பேசத் தொடங்கினர் என்றும் சூத்திரம் தொடர்கிறது. அது உண்மையா என்று கௌதமர் கேட்க, அக்கூற்று பொய் என்று பகவான் தெளிவாக மறுத்தார். வருணன் நற்கதி அடைந்தது போரில் மாண்டமையால் அன்று. வன்மம் இன்றி, விரதம் குன்றாது, மன அமைதியோடு மாண்டமையால். சினத்தோடும் ஒழுக்கமின்றியும் மாண்ட பெருந்திரளினர் நரகிலும் விலங்குப் பிறப்பிலும் வீழ்ந்தனர் என்பதே அவர் மொழி.

போர்க்களச் சாவைப் புகழ்ந்து, வீர சுவர்க்கம் காட்டி ஆள் திரட்டுவது எல்லா அரசுகளுக்கும் கைவந்த கலை. அந்தக் கலையின் வேரையே இம்மறுப்பு அறுக்கிறது. பகவானின் உறவினர் போரிட்ட தரப்புக்கும் அதில் விலக்கு அளிக்கப்படவில்லை. அதே வேளையில், தாக்கப்பட்டபின் தற்காத்துக்கொண்ட இல்லறத்தான் பழிக்கப்படவும் இல்லை. எண்ணித் துணிந்து செய்யும் சங்கல்ப இம்சை வேறு, தாக்குவோனைத் தடுக்கும் விரோத இம்சை வேறு எனப் பிற்காலச் சமண ஆசாரியர்கள் வகுத்த பாகுபாட்டின் உயிருள்ள உதாரணமாக வருணன் நிற்கிறான். விரோத இம்சையும் இம்சையே, அது புண்ணியமாகிவிடாது. இல்லறத்தானால் முழுதும் தவிர்க்க இயலாதது என்பது மட்டுமே அதற்குரிய இடம்.

வைசாலி வீழ்ந்த விதம்

களத்தில் வென்றும் கூணிகனால் நகரைக் கைப்பற்ற முடியவில்லை. சேடகன் மதிலுக்குள் நின்று காத்தான். முற்றுகை நீண்டது. நகர் எவ்வாறு வீழ்ந்தது என்பதில் சமண மரபும் பௌத்த மரபும் வேறு வேறு கதைகளைக் கூறுகின்றன.

ஆவசியக சூத்திர உரைமரபின்படி, மாகதிகை என்னும் கணிகை ஒருத்தி குலவாலகன் என்னும் துறவியை மயக்கி நெறி பிறழச் செய்தாள். அவன் வைசாலிக்குள் நுழைந்து, இருபதாம் தீர்த்தங்கரரான முனிசுவிரதருக்கு எழுப்பப்பட்ட தூபியே முற்றுகை நீங்காமைக்குக் காரணம் என்று மக்களை நம்பவைத்தான். தம் கையாலேயே அதனை இடிக்கச் செய்தான். தூபி வீழ்ந்ததும் நகரும் வீழ்ந்தது.

பௌத்த மரபில் சூழ்ச்சி செய்பவன் வருஷகாரன் என்னும் மகத அமைச்சன். வச்சியரை வெல்லும் வழியறியப் புத்தரிடம் அனுப்பப்பட்டவன் அவன். அடிக்கடி மன்றம் கூடுதல், ஒருமித்துக் கூடி ஒருமித்துக் கலைதல், தொன்று தொட்ட நெறிகளை அழிக்காமை, மூத்தோரைப் போற்றுதல், பெண்டிரைக் கவராமை, வழிபாட்டிடங்களைக் காத்தல், அறவோர்க்கு அரணாதல் என்னும் ஏழும் உள்ளவரை வச்சியர்க்குத் தாழ்வில்லை என்பது அங்கே அவன் செவியேற்றது. அவ்வுரையிலிருந்து அவன் கற்றுக்கொண்டது அறத்தை அன்று. உடைக்க வேண்டிய இடத்தை. நாடு கடத்தப்பட்டவன் போல் நடித்து வைசாலி சென்றான். இளவரசர்களுக்கு ஆசிரியனானான். ஒருவனைத் தனியே அழைத்து அற்பச் செய்தி ஒன்றைக் கேட்பான். என்ன பேசினான் என்று பிறர் ஐயுறுவர். மூன்றாண்டில் இருவர் சேர்ந்து நடவாத நிலை வந்தது. போர்ப்பறை முழங்கியபோது வலியோர் போகட்டும், செல்வர் போகட்டும் என்று அவரவர் இல்லத்தில் இருந்துவிட்டனர். திறந்து கிடந்த வாயில் வழியே அஜாதசத்ரு நுழைந்தான்.

காரணத்திலும் பாத்திரங்களிலும் முரண்படும் இரு மரபுகளும் ஒன்றில் முழுதும் உடன்படுகின்றன: வைசாலி படையால் வீழவில்லை, வஞ்சத்தால் வீழ்ந்தது. மகாசிலாகண்டகத்தாலும் இரதமுசலத்தாலும் சாதிக்க இயலாததை நம்பிக்கையின் சிதைவு சாதித்தது.

சூழ்ச்சி நூலாயிற்று, மறுமொழியும் எழுந்தது

வருஷகாரன் செய்தது பின்னர் அரசியல் இலக்கணமாகவே வகுக்கப்பட்டது. அர்த்தசாத்திரத்தின் பதினோராம் அதிகரணம் கணங்களை அடக்கும் முறை பற்றியது. இலிச்சவிகர், விருஜிகர், மல்லகர் ஆகியோர் பெயர்கள் அதில் இடம்பெறுகின்றன. ஆசிரியர் வேடமிட்ட ஒற்றர் கணத்து இளைஞரிடையே கல்வி, சூது, விளையாட்டு ஆகியவற்றில் போட்டி மூட்டுதல், பெண்டிரைக் கொண்டு தலைவரிடையே பகை விளைத்தல் ஆகிய வழிகள் அங்கே நிரல்பட உள்ளன. வருஷகாரனையும் மாகதிகையையும் அவ்வரிகளின் பின்னே காணாதிருக்க இயலாது. எனினும் இத்தகைய வஞ்சங்களிலிருந்து கணங்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும் என்றும் அவ்வதிகரணமே இறுதியில் கூறுகிறது.

சமண மரபு அரசியலை விட்டு ஒதுங்கி நின்று குறைகூறவில்லை. பத்தாம் நூற்றாண்டில், இராஷ்டிரகூடர் காலத்தில், சோமதேவ சூரி என்னும் திகம்பர ஆசாரியர் நீதிவாக்கியாமிருதம் என்னும் அரசியல் நூலை 32 பகுதிகளாக இயற்றினார். அறம், பொருள், இன்பம் ஆகிய பயன்களைத் தரும் அரசுக்கு வணக்கம் கூறி அந்நூல் தொடங்குகிறது. படை, தூது, ஒற்று, அமைச்சு எதனையும் அவர் விலக்கவில்லை. ஆனால் இன்சொல்லால் முடியும் காரியத்தைப் போரால் முடிக்க முயலலாகாது என்றார். கி.பி. 959இல் நிறைவு செய்த யசஸ்திலகத்தில், களத்தில் ஆயுதம் ஏந்தி எதிர்ப்போன் மீதும் நாட்டுக்கு முள்ளாய் இருப்போன் மீதும் மட்டுமே அரசர் படைக்கலம் செலுத்துவர். எளியோர் மீதும் நன்மனத்தார் மீதும் செலுத்தார் என்னும் கருத்தை வைத்தார். வருணன் தனியொருவனாக ஏற்ற விரதத்தை அரசு முழுமைக்குமான நெறியாக விரித்ததாகவே இதனைக் கொள்ளலாம்.

சேடகனின் மருமக்கள் இருவர்

அரசர்களிடையே வேறு வழியும் உண்டு என்பதற்குச் சேடகனின் குடும்பத்திலேயே சான்று உள்ளது. அவன் மகள் பிரபாவதி சிந்து சௌவீர மன்னன் உதாயணனுக்கும், மற்றொரு மகள் சிவா உச்சயினி மன்னன் பிரத்யோதனனுக்கும் வாழ்க்கைப்பட்டனர். பிரத்யோதனன் உதாயணனின் அரண்மனையிலிருந்து பகவானின் திருவுருவத்தையும் ஒரு பணிப்பெண்ணையும் கவர்ந்து சென்றான். உதாயணன் படையெடுத்து வென்று அவனைச் சிறைப்பிடித்து, அவன் நெற்றியில் இழிபெயர் பொறித்தான்.

திரும்பும் வழியில் மழைக்காலம் வந்தது. தசபுரத்தில் பாசறை அமைந்தது. பர்யூஷண நோன்பு நாளில் உதாயணன் உண்ணாதிருந்தான். உணவில் நஞ்சிருக்குமோ என்று அஞ்சிய பிரத்யோதனன், தானும் சிராவக குலத்தவனே, ஆதலின் தானும் நோன்பிருப்பதாகக் கூறினான். அச்சத்தால் சொன்ன சொல் அது என்பதை உதாயணன் அறிவான். ஆயினும் நோன்பாளி ஒருவனைச் சிறையில் வைத்துக்கொண்டு தான் கேட்கும் மன்னிப்பு மன்னிப்பாகாது என்று துணிந்தான். பகைவனை விடுவித்து, மன்னிப்பு வேண்டி, நாட்டைத் திருப்பித் தந்து, நெற்றியின் வடுவை மறைக்கப் பொற்பட்டமும் அணிவித்தான்.

வென்றவன் தோற்றவனிடம் மன்னிப்புக் கேட்ட நிகழ்வு இது. பிரத்யோதனன் செய்த களவைப் போலவே, வெற்றிச் செருக்கில் தான் பொறித்த வடுவும் குற்றமே என்று உதாயணன் உணர்ந்தான். தோற்ற நாட்டை இழிவுபடுத்தும் சமாதானம் அடுத்த போருக்கு வித்தாகும் என்பதை உலக வரலாறு பன்முறை காட்டியுள்ளது. பொற்பட்டம் அவ்வித்தை முளையிலேயே கிள்ளியது.

காலத்தின் கணக்கு

கூணிகனின் முடிவையும் மரபு சொல்லாமல் விடவில்லை. தான் சக்கரவர்த்தியாகாமல் ஓயக்கூடாது என்று எண்ணிய அவன், சக்கரவர்த்திக்குரிய இரத்தினங்களைப் போலியாகச் செய்வித்துக்கொண்டு, திசைவெற்றிக்கெனத் திமிசிரக் குகையை அடைந்தான். இக்காலத்துக்குரிய சக்கரவர்த்தியர் பன்னிருவரும் தோன்றி மறைந்துவிட்டனர் என்று குகைக்காவலனான தேவன் எச்சரித்தும் கேளாது அங்கேயே எரிந்து மாண்டான் என்பது சமணக் கதை. பௌத்த மகாவம்சமோ அவன் தன் மகனாலேயே கொல்லப்பட்டான் என்று கூறும். இரண்டில் எது நிகழ்ந்திருப்பினும், வைசாலியின் வீழ்ச்சி அவனுக்கு நிறைவு தரவில்லை என்பதே மக்கள் நினைவில் நின்ற செய்தி.

வீழ்த்தப்பட்ட இலிச்சவியரோ அழியவில்லை. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அதே மகத மண்ணில் எழுந்த குப்தப் பேரரசின் முதலாம் சந்திரகுப்தன் இலிச்சவிய இளவரசி குமாரதேவியை மணந்தான். அவ்விணையரின் உருவம் தாங்கிய பொற்காசுகளில் இலிச்சவியர் பெயர் பொறிக்கப்பட்டது. அவர்கள் மகன் சமுத்திரகுப்தன் அலகாபாத் கல்வெட்டில் இலிச்சவியரின் மகள் வயிற்றுப் பேரன் எனப் பெருமையோடு குறிக்கப்படுகிறான். அஜாதசத்ருவும் இலிச்சவிய மகளின் மகனே. அவன் அழிக்க முனைந்த உறவை மகதத்தின் பிற்காலப் பேரரசன் தன் புகழாக அணிந்துகொண்டான்.

இனி அந்த நிர்வாண இரவுக்கு மீளலாம். மகாசிலாகண்டகப் போரைக் கோசாலர் தம் இறுதி நாள்களில் குறிப்பிட்டதாகப் பகவதி சூத்திரம் கூறுகிறது. கோசாலர் மறைந்தபின் பகவான் பதினாறு ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதும் அதனாலேயே அறியப்படும். ஆகவே பாவாபுரியில் விளக்கேற்றிய இரவில் அப்போர் நடந்து பதினாறு ஆண்டுகள் கடந்திருந்தன. களத்தில் தோற்ற ஒன்பது மல்லரும் ஒன்பது இலிச்சவியரும் அந்நாளிலும் பதினெண்மராகவே ஒருங்கே நின்றனர். படைத்தோல்வி அவர்களைக் கலைக்கவில்லை. அடைக்கலத்தைக் கைவிடோம் என்று ஒருமித்துச் சொன்ன மன்றம் ஒருமித்தே நோன்பிருந்தது, ஒருமித்தே விளக்கேற்றியது.

நாடுகளின் வாழ்வில் வலிமைக்கு இடமில்லை என்று சமண மரபு சொல்லவில்லை; சேடகனும் வில்லெடுத்தான். ஆனால் வலிமை தானே நியாயமாகிவிடாது என்றும், தற்காப்புக்கும் வரம்பு உண்டு என்றும், போரில் சாவது வீடுபேறன்று என்றும், வென்றவனுக்கும் மன்னிப்புக் கேட்கும் கடமை உண்டு என்றும் அது சொன்னது. ஆண்டுதோறும் நிர்வாணத் திருநாளில் ஏற்றப்படும் விளக்குகள் பகவானின் ஞான ஒளியை நினைவூட்டுவன. அவ்விளக்குகளை முதலில் ஏற்றியவர்கள், இழப்பது உறுதி என்று தெரிந்தும் தம்மிடம் புகலடைந்தவனைக் கைவிடாதவர்கள் என்பதையும் சேர்த்து நினைவுகூர்தல் தகும்.